ஆடிக்குள் ஒரு கண்

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகப் பாதியில் கண்டுபிடித்தால் எனக்குக் கௌரவக் குறைச்சல். ஆறு வருஷமாக எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அந்த ஆறு வருஷமும் நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தை ஏமாற்றி வந்தேன்.

முறை ரொம்பச் சுலபம். டாக்டர் ரத்தம் கொடுக்கச் சொன்ன தேதிக்குச் சரியாக மூன்று நாள் முன்பு நான் மகானாகிவிடுவேன். காலையில் வெந்தயத் தண்ணீர், மதியம் பாகற்காயோடு ஒரு கரண்டிச் சோறு, இரவில் இரண்டே இரண்டு கோதுமைத் தோசை. இரண்டு வேளை நடை. தெருவில் யாராவது மைசூர்பாகு டப்பாவோடு எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். நாலாம் நாள் காலை வெறும் வயிற்றோடு போய்க் கையை நீட்டினால், நூற்றுப் பதினைந்து என்று வரும். டாக்டரும் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கீங்க" என்று பழைய மாத்திரையையே எழுதித் தருவார். முழு ஆண்டுப் பரீட்சை முடிந்த பையனுக்கு இருக்கும் சந்தோஷம் எனக்கு இருக்கும். ரத்தம் கொடுத்த கையோடு நான் போவது பூரி கடைக்கு. பஞ்சு ஒட்டியிருக்கும் அதே கையால்தான் முதல் பூரியைப் பிய்ப்பேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு கல்யாணம் குறுக்கே வந்தது. என்னுடைய கல்யாணம் இல்லை, அது நடந்து இருபத்தெட்டு வருஷமாகிறது. சிம்மக்கல் பக்கம் ஒரு அச்சகத்தில் நான் பிழை திருத்துகிறேன். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகள். முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர், தாய்மாமன் பெயர், எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். கொஞ்ச நாளாகவே வலது கண்ணில் பால் ஊற்றின மாதிரி ஒரு மங்கல். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், டியூப் லைட்டை மாற்றச் சொன்னேன், காகிதம் மட்டம் என்று கம்பெனியைத் திட்டினேன். கண்ணை மட்டும் சந்தேகப்படவில்லை.

அந்தப் பத்திரிகையில் காலை ஒன்பது மணி முகூர்த்தம். நான் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியதில் ஆறு மணி என்று இருந்திருக்கிறது. கல்யாணத்தன்று விடியும்போதே நூறு பேர் பட்டுச்சேலையும் மொய்க் கவருமாக மண்டபத்தில் இறங்கிவிட்டார்கள். சமையல்காரர் அப்போதுதான் உளுந்தை ஆட்டிக்கொண்டிருந்தாராம். மாப்பிள்ளை பல் தேய்த்துக்கொண்டிருந்தாராம்.

அச்சக முதலாளி என்னைவிடச் சின்னவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார். திட்டவும் அதே மரியாதைதான்.

"முகூர்த்தத்த மூணு மணி நேரம் முன்னாடி இழுத்த ஆளு இந்த மதுரையிலேயே நீங்க ஒருத்தருதாண்ணே."

"எழுத்து சிறுசாப் போட்டுட்டாய்ங்கப்பா."

"எழுத்து அம்புட்டும் பெருசாத்தான் இருக்கு. கண்ணப் போய்க் காட்டுங்க. ஆடியில நமக்கு வேலை கெடையாது. ஆடிக்குள்ள ஆபரேசன முடிச்சுட்டு வாங்க. ஆவணி மொத முகூர்த்தத்துக்கு எனக்குக் கண்ணுத் தெரியிற ஆளு வேணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துருவேன், கோவிச்சுக்கிடாதீங்க."

கோபித்துக்கொள்ளவில்லை, பயந்துவிட்டேன். ஐம்பத்தைந்து வயதில் எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

பங்குனியில் கண் மருத்துவமனைக்குப் போனோம். என் மனைவி அங்கன்வாடியில் டீச்சர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டினாள். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நான் ஓட்டினால் பஸ்ஸுக்கும் பசுவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனையூரிலிருந்து அவள் முதுகுக்குப் பின்னால் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்து போனதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. நான் பந்தாவாகக் கையை ஆட்டிக்கொண்டே போனேன்.

எனக்குப் பயமே இல்லை. மூன்று நாள் மகானாக இருந்துவிட்டுத்தானே வந்திருக்கிறேன். கண்புரை, லென்ஸ் மாற்ற வேண்டும், கால் மணி நேர வேலை என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் நூற்றிருபது. நான் மனைவியைப் பெருமையாகப் பார்த்தேன். அப்போது நர்ஸம்மா இன்னொரு காகிதத்தைக் கொண்டுவந்தார்.

"இது மூணு மாசச் சராசரி சார். பத்தரை வந்திருக்கு. ஏழுக்குள்ள இருக்கணும்."

"நான் மூணு நாளாத்தானம்மா..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் மனைவி மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

விஷயம் என்னவென்றால், சர்க்கரை ரத்த அணுவில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். அந்த அணு சாகிறவரைக்கும் சாட்சியாக ஓடிக்கொண்டே இருக்குமாம். நான் மூன்று நாள் பட்டினி கிடந்தாலும், மூன்று மாதத்துப் பூரியையும் அது ஒன்று விடாமல் சொல்லிவிடுமாம். என் ரத்தமே என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கண் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை இந்த அளவில் இருக்கும்போது கண்ணைத் திறந்தால் புண் ஆறாது, கிருமி உள்ளே போனால் இருக்கிற பார்வையும் போய்விடும், குறைத்துக்கொண்டு வாருங்கள். திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் என் மனைவி வழக்கமாகத் திட்டிக்கொண்டே ஓட்டுவாள். அன்று ஹாரன் கூட அடிக்கவில்லை.

மறுநாள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் என்னை இழுத்துப் போய், என் மூன்று நாள் தவத்தைப் பற்றி முழுசாகச் சொல்லிவிட்டாள். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான், மேலூர்ப் பக்கம். என் பழைய சீட்டுகளைப் புரட்டினார்.

"ஆறு வருசமா நான் மருந்து எழுதுனது ஒங்களுக்கு இல்ல. அந்த மூணு நாளைக்கு வந்துட்டுப் போற யாரோ ஒரு நல்ல மனுசனுக்கு."

மாத்திரையைக் கூட்டினார். நானும் அன்றோடு நிஜமாகவே திருந்தினேன். கடவுள் சத்தியமாகச் சொல்கிறேன், நம்புங்கள். பூரி நின்றது. இனிப்பு நின்றது. காபியில் சீனி நின்றது. சோற்றை அளந்து போட்டாள், நானும் அளந்து தின்றேன். அச்சகத்திலிருந்து வந்ததும் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பிக் கண்மாய்க் கரை வரை நடந்தேன். இப்படி இரண்டரை மாதம்.

வைகாசிக் கடைசியில் மறுபடி கண் மருத்துவமனை. மறுபடி அவளுக்கு லீவு. சராசரி ஒன்பதே கால். சாப்பிட்ட பின் எடுத்தது இருநூற்று அறுபது. மறுபடி ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆடி மாதக் கடைசி வாரத்துக்கு ஒரு தேதி எழுதினார்கள். அதற்குள் வழிக்கு வந்தால் ஆபரேஷன், இல்லையென்றால் அப்புறம் பார்க்கலாம்.

அப்புறம் பார்க்கலாம் என்றால் எனக்கு ஆவணி போனது. வேலை போனது.

திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கொண்டால் அதில் ஒரு நியாயம் உண்டு. யோக்கியனாக இருந்து பெயிலாவது எவ்வளவு அவமானம் தெரியுமா. என் மனைவி என்னை நம்பவில்லை. சட்டைப் பையை மோந்து பார்த்தாள். பேண்ட்டை உதறினாள். அச்சக முதலாளிக்கு போன் போட்டு, மத்தியானம் நான் எங்கே போகிறேன் என்று விசாரித்தாள். பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் சிக்கவில்லை.

"எங்க ஒளிச்சு வச்சுத் திங்கிறீங்க?"

"ஒண்ணும் திங்கல."

"அப்ப சக்கரை என்ன, காத்துலயா வருது?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் போய், அப்பா வழி ரத்தம் என்றேன், பரம்பரை என்றேன், மருத்துவமனை மெஷின் பழசு என்றேன். அவர் மூன்றையும் கேட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அதற்குள் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வெள்ளையாக ஒரு வட்டம்.

"இத மேல் கையில ஒட்டுவேன். பதினாலு நாள் இருக்கும். குளிக்கலாம், தூங்கலாம். போனப் பக்கத்துல கொண்டு போனா அந்த நேரத்து சக்கரை தெரியும். ராத்திரி பகல் பூரா ஏறுனது எறங்குனது படமா வந்துரும். இதுகிட்டப் பொய் சொல்ல முடியாது."

"டாக்டர், நான் இப்பப் பொய் சொல்றதே இல்ல."

"சரி, அப்ப ரெண்டு பேரும் உண்மையப் பேசுங்க."

அந்தப் பதினாலு நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. முதல் நாள் போனைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அது ஒரு உறுமல் உறுமி நூற்று நாற்பத்திரண்டு என்று காட்டியது பாருங்கள், என் உடம்புக்குள் ஒரு ஸ்டேஷன் திறந்து அறிவிப்பு செய்த மாதிரி இருந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பார்த்தேன். இட்லிக்கு முன்னால், இட்லிக்குப் பின்னால், இட்லிக்கு நடுவில். மனைவி என்னைத் திட்டும்போது பார்த்தேன், நூற்று அறுபத்தைந்து. அவளிடம் காட்டினேன். "நீ கத்துனா ஏறுது." அவள் என் கையிலிருந்த போனை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள்.

பக்கத்து வீட்டில் என் நண்பன். சௌராஷ்டிரக் குடும்பம், விளக்குத்தூண் பக்கம் சேலைக் கடை வைத்திருக்கிறான். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, கேட்டுக்கு வெளியே வந்தால் எனக்கு மாப்ள. அவனுக்கு ரத்தக் கொதிப்பு. எங்கள் இரண்டு பேர் மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் ஒரு மருந்துக் கடை திறக்கலாம். அந்த வட்டத்தைப் பார்த்த அன்றிலிருந்து அவன் காலையில் கடைக்குப் போகும் முன் எங்கள் வாசலில் ஆஜர்.

"மாப்ள, எத்தன இட்லி?"

"மூணு."

"நூத்தி எம்பது வரும்."

"நூத்தி எழுபதத் தாண்டாதுரா."

தோற்றவன் ஜெயித்தவன் வீட்டுத் தண்ணீர்க் கேனை மாடிக்குத் தூக்கிப் போக வேண்டும் என்பது பந்தயம். இட்லி சாப்பிட்ட ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் கிரிக்கெட் கடைசி ஓவர் பார்க்கிற மாதிரி போனை முறைத்துக்கொண்டு நிற்போம். நூற்று எழுபத்தொன்பது. அவன் கைதட்டுவான், நான் கேனைத் தூக்குவேன். முதல் வாரத்தில் மட்டும் ஐந்து கேன் தூக்கினேன். அதுவும் ஒரு உடற்பயிற்சிதான் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார்.

ஆனால் அந்த ஆட்டத்துக்கு நடுவில் எனக்கு ஒரு விஷயம் புரிய ஆரம்பித்தது. ஒரு தோசைக்கு என் ரத்தம் எப்படிக் குதிக்கிறது, சுண்டலுக்கு எப்படிச் சும்மா கிடக்கிறது, அதே சோறு கீரையோடு போனால் எப்படிச் சாதுவாகப் போகிறது என்று கண்ணாலேயே பார்க்க முடிந்தது. ஆறு வருஷமாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நான் அறிமுகமே செய்துகொள்ளவில்லை. நல்ல நாளில் அந்தக் கோடு எங்கள் ஊர் நாகமலை மாதிரி நீளமாகத் தாழ்வாகப் படுத்துக் கிடந்தது. ஆனால் தினமும் சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் ஒரு யானைமலை எழும்பும். தும்பிக்கை, தலை, முதுகு எல்லாம் தெரிகிற மாதிரி. முந்நூறைத் தொட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் இறங்காது.

ஆறரைக்கு நான் எதுவும் சாப்பிடுவதே இல்லை. ஐந்தரைக்கு நடக்கப் போகிறேன், ஆறே முக்காலுக்கு வீடு திரும்புகிறேன்.

நண்பனும் நானும் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"மாப்ள, நீ அந்நேரம் என்ன பண்ற?"

"நடக்குறேன்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லடா."

அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். எனக்கும் அதே நொடியில் அது தோன்றிவிட்டது. நடை. நடந்தால்தான் எனக்குச் சர்க்கரை ஏறுகிறது. உலகத்துக்கெல்லாம் நடந்தால் இறங்கும், என் உடம்பு மட்டும் வேறு மாதிரி. சந்தேகம் தீர மறுநாள் நடக்கப் போகாமல் வீட்டிலேயே சாய்ந்து கிடந்தேன். ஆறரை. நூற்று முப்பத்தெட்டு. ஏழு. நூற்று முப்பத்திரண்டு. யானைமலையைக் காணவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பெரிய விஞ்ஞான உண்மை ஒன்று ஆனையூரில் என் வீட்டு நாற்காலியில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சமையல்கட்டில் இருந்த மனைவியிடம் போனோடு ஓடினேன்.

"பாரு. நடக்காத அன்னைக்கு ஏறல. மூணு மாசமா என்னைய நடக்கச் சொல்லிச் சொல்லிச் சக்கரைய ஏத்திவிட்டதே நீதான்."

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வாரேன்."

நான் பயப்படவே இல்லை. ஆதாரத்தோடு அல்லவா போகிறேன். டாக்டரம்மா முன்னால் போனை விரித்து வைத்து, ஒரு பேராசிரியர் மாதிரி இரண்டு படத்தையும் விளக்கினேன். கடைசியில், "இது ஒருவேள எங்க வம்சத்துக்கே உள்ள விசேசமா இருக்கலாம் டாக்டர்" என்றும் சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நடந்து எது வரைக்கும் போறீங்க?"

"கண்மாய்க் கரை வரைக்கும். திரும்பி வரும்போது மெயின் ரோட்டு முக்குல சித்த நேரம் நிப்பேன்."

"நின்னு?"

"அங்க ஒரு பருத்திப்பால் வண்டி நிக்கும்."

டாக்டரம்மா கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"எம்புட்டு குடிப்பீங்க?"

"ஒரு டம்ளர். என்னைக்காவது ரெண்டு."

"என்னைக்காவதுன்னா?"

"தெனமும்னு அர்த்தம் டாக்டர்" என்றாள் என் மனைவி. "இருவத்தெட்டு வருசமா இந்தப் பேச்சு எனக்குப் பழக்கம்."

நீங்கள் சிரிக்கும் முன் என் பக்கத்தையும் கேளுங்கள். பருத்திக்கொட்டையை ஊற வைத்து ஆட்டிப் பிழிந்த பால், பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், சுக்கு, ஏலம், கருப்பட்டி. அது எங்கள் ஊர்க்காரனுக்குத் தீனிக் கணக்கில் வராது. சளி பிடித்தால் குடிப்போம், அலுப்பாக இருந்தால் குடிப்போம், ஒன்றும் இல்லாவிட்டாலும் நெஞ்சுக்கு நல்லது என்று குடிப்போம். சாப்பிட்டதையெல்லாம் எழுதி வைக்க டாக்டரம்மா கொடுத்திருந்த நோட்டில் ஒரு பொரிகடலை விடாமல் எழுதிய நான், இதை எழுதவில்லை. மறைக்கவில்லை, நிஜமாகவே தோன்றவில்லை. இருமல் மருந்தைச் சாப்பாட்டுக் கணக்கில் யாராவது எழுதுவார்களா. நடந்து களைத்த உடம்புக்கு மருந்து என்று நினைத்து, நடையை ஆரம்பித்த பிறகு ஒரு டம்ளரை இரண்டாக்கியவன் நான்.

"அதுல சீனி ஒரு பொட்டுக் கூடக் கெடையாது டாக்டர். சுத்தமான கருப்பட்டி."

"கருப்பட்டி கருப்பா இருக்கும், சீனி வெள்ளையா இருக்கும். ஒங்க ரத்தத்துக்கு நெறம் தெரியாது."

"நாட்டு மருந்து டாக்டர் அது."

"சரி, நான் சொல்லி நீங்க நம்ப வேணாம். இன்னும் நாலு நாள் அந்த வட்டம் கையில இருக்கும்ல. இன்னைக்கு நடங்க, குடிக்காதீங்க. நாளைக்குக் குடிங்க, நடக்காதீங்க. யாரு ஏத்துறாங்கன்னு அதுவே சொல்லட்டும்."

அன்று சாயங்காலம் நண்பன் கடையைச் சீக்கிரம் கணக்கு முடித்துவிட்டு வந்துவிட்டான். என் மனைவியும் கூடவே நடந்தாள். பருத்திப்பால் வண்டியைத் தாண்டும்போது இரண்டு பேரும் எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போலீஸ்காரர்கள் மாதிரி வந்தார்கள். ஆவி பறக்கும் அந்த அண்டாவின் வாசனை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. வீட்டுக்கு வந்து போனைப் பிடித்தேன். நூற்றுப் பதினெட்டு. நடந்ததில் இறங்கியிருந்தது.

மறுநாள் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நண்பன் தூக்குச்சட்டியில் இரண்டு டம்ளர் வாங்கி வந்தான். குடித்தேன். உண்மையைச் சொன்னால், மனதுக்குள் வேண்டிக்கொண்டேதான் குடித்தேன், ஏறக் கூடாது, ஏறக் கூடாது என்று. மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிஷம், நூற்று ஐம்பது. இருபது நிமிஷம், நூற்றுத் தொண்ணூற்றைந்து.

"வருது மாப்ள, வருது" என்றான் நண்பன், வாண வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி.

நாற்பது நிமிஷம், இருநூற்று அறுபது. அப்புறம் முந்நூற்று ஐந்து. யானைமலை என் உள்ளங்கையில் முழுசாக எழுந்து நின்றது. எனக்குத் துக்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு கொலைகாரனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் நான் எழுந்து நின்று நண்பன் முதுகில் ஓங்கி அடித்தேன். ஆடி முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. இப்போது எதைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. மனைவி மட்டும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தேய்க்கப் போட்டாள். போகிற போக்கில், "ரெண்டு லீவு போச்சு" என்றாள்.

மறுநாளே வண்டிக்காரரிடம் போய் நியாயம் கேட்டேன்.

"ஏண்ணே, எனக்குச் சுகருன்னு ஒங்களுக்குத் தெரியும்ல. கருப்பட்டி ஏத்தும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் கரண்டியால் ஆற்றிக்கொண்டே சொன்னார். "மருந்துன்னு சொல்லிட்டுக் குடிச்சது நீங்க. நான் அப்பிடிச் சொன்னேனா?"

"நீங்க தெனம் குடிக்கிறீங்கள்ல, ஒங்களுக்கு ஒண்ணும் பண்ணலயா?"

"நான் எங்க குடிக்கிறேன்? எனக்குச் சுகருண்ணே. நாலு வருசமா வாயில வைக்கல."

நாலு வருஷமாக அவர் கையால் வாங்கிக் குடித்திருக்கிறேன். ஒரு தடவை கூட, நீங்க ஒரு டம்ளர் குடிங்கண்ணே என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் கண் எப்போதோ தெளிந்திருக்கும். மரியாதை தெரியாததற்குக் கிடைத்த தண்டனை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆறு வாரமும் தினமும் நடந்தேன், வேறு ரோட்டில். மாத்திரையை நேரத்துக்குப் போட்டேன். இட்லியை இரண்டாக்கிச் சாம்பாரில் காயைக் கூட்டினேன். கையில் ஒட்டியிருந்த வட்டம் போன பிறகும், தட்டைப் பார்த்தாலே மனதுக்குள் கோடு ஓடியது. நண்பனும் பந்தயத்தை விடவில்லை. வீட்டில் விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் வாங்கியிருந்தோம், வாரம் இரண்டு நாள் அதை வைத்து ஆட்டம். இப்போது நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். கேன் தூக்கித் தூக்கி அவனுக்கு ரத்தக் கொதிப்பு குறைந்ததாக அவன் வீட்டம்மா சொன்னார்கள். கொழுப்பு குறைந்தது என்று நான் சொன்னேன்.

ஆடிக் கடைசி வாரம். மறுபடி ஸ்கூட்டர், மறுபடி லீவு, மறுபடி அதே நாற்காலி. ரத்தம் எடுத்துக்கொண்டு போன நர்ஸம்மா திரும்பி வருவதற்குள் தண்ணீர் மூன்று தடவை குடித்து, பாத்ரூம் நாலு தடவை போய் வந்தேன். இந்தத் தடவை நான் மூன்று நாள் முன்பு எதுவும் விசேஷமாகச் செய்யவில்லை. முந்தின நாள் ராத்திரி கூட வழக்கமான தோசைதான். பரீட்சைக்குப் படிக்காமல் போகிற பையனுக்கு இருக்கும் தைரியம் அது. மெஷின் என்ன சொல்லுமோ சொல்லட்டும்.

சாப்பிட்டபின் நூற்று ஐம்பத்தெட்டு. சராசரி ஏழே முக்கால்.

"இன்னும் கொறையணும். ஆனா ஆபரேசன் பண்ணலாம்" என்றார் கண் டாக்டர்.

நான் எழுந்து அவருக்குக் கை கொடுத்தேன். பிறகு நர்ஸம்மாவுக்கு. பிறகு பக்கத்தில் தன் முறைக்காகக் காத்திருந்த, சோழவந்தானிலிருந்து வந்திருந்த ஒரு முன்பின் தெரியாத பெரியவருக்கும் கொடுத்தேன். அவர் வெற்றிலை வாயோடு, "என்ன, பையன் பொறந்திருக்கானா?" என்று கேட்டார். "ஏழே முக்கால்ண்ணே" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சந்தோஷப்பட்டார்.

கால் மணி நேரத்தில் ஆபரேஷன் முடிந்தது. வெளிச்சம், தண்ணீர் ஊற்றும் சத்தம், யாரோ சன்னமாக "அசையாதீங்க" என்றது, அவ்வளவுதான் ஞாபகம். மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். சுவரில் தொங்கிய எழுத்து அட்டையில் கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தேன். வாசித்துவிட்டு, அட்டையின் மூலையில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்தேன். அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. சுவர் வெள்ளையாக இருந்தது. அது இத்தனை நாளும் மஞ்சள் என்றல்லவா நினைத்திருந்தேன். நர்ஸம்மா சேலையின் பார்டர், ஜன்னலுக்கு வெளியே வேப்பிலையின் ஒவ்வொரு பல், டாக்டர் மேசையில் ஒரு எறும்பு. எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அங்கேயே முதலாளிக்கு போன் போட்டு, எத்தனை பத்திரிகை வந்திருக்கிறது என்று கேட்டேன். "மொதல்ல வீட்டுக்குப் போங்கண்ணே" என்றார், ஆனால் குரல் சிரித்தது.

கிளம்பும் முன் டாக்டர் விளக்கை இடது கண்ணிலும் அடித்துப் பார்த்தார். இதிலும் புரை ஆரம்பித்துவிட்டது, அவசரமில்லை, ஆறேழு மாதம் கழித்து இதையும் செய்துவிடலாம், அதுவரை சர்க்கரையை இப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அதெல்லாம் காதில் சரியாக ஏறவில்லை. எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணில் தூசி விழக் கூடாது என்று அன்று ஆட்டோ. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைப் பலகைகளையெல்லாம் ஒன்று விடாமல் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தேன். நாலு பலகையில் பிழை இருந்தது, அதையும் ஆட்டோக்காரரிடம் சொன்னேன். ஆனையூர் நெருங்கியது. மெயின் ரோட்டு முக்கில் அண்டாவிலிருந்து ஆவி எழுவது இவ்வளவு தெளிவாக எனக்குத் தெரிந்ததே இல்லை. மனைவி பக்கம் லேசாகச் சாய்ந்து, முடிந்த அளவு குழைவாகச் சொன்னேன்.

"ஆபரேசன்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சே. இன்னைக்கு ஒரே ஒரு நாளு, அரை டம்ளர் மட்டும்..."

அவள் ஆட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"இன்னொரு கண்ணு இருக்கு."